ஹீட்டர் போட்டாச்சு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததல்ல. வளர்ப்பு மீன் கடைக்காரர் ஒருவர் கேட்டதற்காக எழுத உட்கார்ந்த ஒரு பக்கப் பிரசுரம். ‘வீட்டு மீன்தொட்டிக்கு நம்பகமான ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’ என்று தலைப்பைக்கூட அவரே கொடுத்துவிட்டார். தொட்டி வாங்கிப் போகிறவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுப்பாராம்.

“நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்றார். இந்த மாதிரிப் பாராட்டுகளை நான் மறுப்பதில்லை. உண்மையை எதற்கு மறுக்க வேண்டும்?

என் தொழிலும் அதுதான். இஸ்திரிப் பெட்டி, சலவை இயந்திரம், மேசை விளக்கு என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருக்கும் அல்லவா? ‘பயன்படுத்தும் முன் கவனமாகப் படிக்கவும்’ என்று தொடங்கும். யாரும் படிக்க மாட்டார்கள். அதை எழுதுகிற ஆள் நான். இருபத்திரண்டு வருடங்களாக, யாரும் படிக்காத தாள்களைப் பிழையில்லாமல் எழுதி வருகிறேன்.

ஆகவே பிரசுரம் அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். முதல் குறிப்பு வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவதில் ‘புதிய ஹீட்டரைத் தொட்டியில் போட்டதும்’ என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. எழுந்து போய்த் துணிகளை மடித்து வைத்துவிட்டு வந்தேன். வாக்கியம் அங்கேயே இருந்தது.

நீங்கள் இப்போது படிப்பது அந்த மூன்றாவது குறிப்பைத்தான். கொஞ்சம் நீண்டுவிட்டது.

2

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றையும் அழிக்கவில்லை, என் சிரமம் உங்களுக்கும் தெரியட்டும்.

தொடக்கம் ஒன்று: ‘தண்ணீர் மெல்லக் குளிர்ந்தது. அவள் கண்ணாடியின் அருகே வந்து வெளியே பார்த்தாள். யாரும் இல்லை. அவளுடைய துடுப்புகள்’

[நிறுத்திவிட்டேன். மீன் யோசிப்பதாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மீனுக்கு என்ன தோன்றியது என்று யாருக்குத் தெரியும்?]

தொடக்கம் இரண்டு: ‘ஒரு வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.’

[இது நன்றாக இருக்கிறது. ஆனால் கதை எந்தப் பக்கம் போகும் என்று முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது.]

தொடக்கம் மூன்று: ‘தவறு கடைக்காரருடையது.’

இந்த மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதினேன். சரளமாக வந்தது. சரளமாக வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

3

அதற்கு முன்னால் ஹீட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதை பிடிக்காவிட்டாலும் இந்தப் பகுதி உங்களுக்குப் பயன்படும், அதற்கு நான் உத்தரவாதம்.

ஹீட்டர் என்பது கண்ணாடிக் குழாய்க்குள் சுருட்டி வைத்த கம்பி. கூடவே, தண்ணீர் போதுமான அளவு சூடானதும் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஒரு சின்ன அமைப்பு இருக்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த அமைப்புதான். இரண்டு விதமாகக் கெடும். துண்டித்தது துண்டித்தபடியே நின்றால் மீன் விறைக்கும். சேர்ந்தது சேர்ந்தபடியே ஒட்டிக்கொண்டால் மீன் வெந்துவிடும்.

லிட்டருக்கு ஒரு வாட் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். இருநூறு லிட்டர் தொட்டி என்றால் இருநூறு வாட். ஆனால் இருநூறு வாட்டில் ஒன்று வாங்காதீர்கள், நூறு வாட்டில் இரண்டு வாங்குங்கள். ஒன்று செத்தால் இன்னொன்று தாங்கும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தனியாகத் தொட்டியை அவ்வளவு சீக்கிரம் கொதிக்க வைக்க அதற்குத் தெம்பு கிடையாது.

இதை எனக்குச் சொன்னவன் என் தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்த வெளியூர் போனால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். “லிஃப்டை ஒரே கயித்துல தொங்க விடுவாங்களாக்கா?” என்று கேட்பான். அவனுக்கு உலகத்தில் எல்லாமே லிஃப்ட்தான்.

(இடையில் ஒரு குறிப்பு: ஹீட்டரின் தலையில் உள்ள எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். இருபத்தொன்பது டிகிரி என்று அது தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. தனியாக ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். புதிய ஹீட்டரை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் தொட்டிக்குக் கொண்டு போங்கள்.)

இன்னொன்று. கண்ணாடி ஹீட்டரைத் தண்ணீரில் வைத்ததும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. அந்தக் கண்ணாடிக் குழாய், தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வர அரை மணி நேரம் ஆகும். அதுவரை பிளக் வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி விரிசல் விடலாம்.

அந்த அரை மணி நேரத்தில்தான் என் கதை மாட்டிக்கொண்டிருக்கிறது.

4

தம்பி வீடு நாலாவது மாடி. கூடத்தின் நீளச் சுவரில் இருநூறு லிட்டர் தொட்டி. அதில் டிஸ்கஸ் மீன்கள், தட்டு மாதிரி வட்டமாக, உள்ளங்கையைவிடப் பெரியவை. வெதுவெதுப்பான தண்ணீர் இல்லாவிட்டால் தாங்காத ஜாதி. கூடவே ஒரு விசேஷமும் உண்டு. குஞ்சு பொரித்தால் அம்மாவும் அப்பாவும் தங்கள் தோலில் ஊறும் பசையைத்தான் குஞ்சுகளுக்கு ஊட்டும். குஞ்சுகள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு தின்னும். முதல் தடவை பார்த்தபோது தொட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவற்றில் ஒரு பெண் மீனுக்கு ‘டீச்சர்’ என்று பெயர். யாராவது கூடத்துக்குள் நுழைந்தால் கண்ணாடிக்கு வந்து, வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்பதுபோல முறைக்கும். பொத்தான் அளவு இருந்ததிலிருந்து நாலு வருஷம் தம்பி வளர்த்தது. வெளியூரிலிருந்து போன் செய்தால் முதலில் “டீச்சர் சாப்பிட்டாங்களா?” என்பான். மனைவி சாப்பிட்டாளா என்பது இரண்டாவது கேள்வி. அவளே இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

தம்பி மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று மாறி மாறி வரும். குழாய்க்குக் குழாய் பெயர் ஒட்டி, மணி எழுதி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற வேலை. அதிகம் பேச மாட்டாள். தம்பி இல்லாத வாரங்களில் நானும் அவளுமாகத் தொட்டியைப் பார்த்துக்கொள்வோம். அவள் வேலைக்குப் போயிருக்கும்போது நான் போவேன், நான் கிளம்பிய பிறகு அவள் வருவாள். நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் போனில் செய்தியாகத்தான்.

நான் அவளுக்கு நாத்தனார். தொலைக்காட்சித் தொடர்களில் நாத்தனார் என்ன செய்வாள் என்று உங்களுக்குத் தெரியும். நான் அப்படியெல்லாம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

மூன்றாவது தொடக்கத்தில் நான் எழுதிய நான்கு பக்கத்தின் சுருக்கம்: பேராசை பிடித்த கடைக்காரர், ஒருவர் திருப்பிக் கொடுத்த பழுதான ஹீட்டரைப் புதுப் பெட்டியில் போட்டு என் தலையில் கட்டிவிடுகிறார். குளிர்காலம். ஹீட்டர் வேலை செய்யவில்லை. மீன் செத்துப்போகிறது. குடும்பமே கலங்குகிறது. கடைக்காரருக்கு மீசை வேறு வைத்திருந்தேன்.

அசல் கடைக்காரருக்கு மீசை கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் வரிசையாக ஆறு வாளி வைத்திருப்பார், ஒவ்வொன்றிலும் ஒரு ஹீட்டர், ஒரு தெர்மாமீட்டர். ஒரு நாள் முழுக்க ஓடாத ஹீட்டரை அவர் விற்கவே மாட்டார். அவசரம் என்று யாராவது துடித்தால், “அப்ப என் வீட்டுத் தொட்டியில இருக்கறதைக் கழட்டித் தரேன், நாளைக்கு வந்து புதுசை வாங்கிக்குங்க” என்பார். எனக்கு அவர் கொடுத்த ஹீட்டர் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

அந்த மனிதரைத்தான் வில்லனாக்கி நான்கு பக்கம் எழுதினேன், அதுவும் அவர் கேட்ட பிரசுரத்திலேயே. பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஐயா, படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

6

நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், நல்ல குளிர்காலம், தம்பி வெளியூரில் இருந்தான். மதியம் நான் தொட்டியைப் பார்க்கப் போனபோது பழைய ஹீட்டரின் குழாய்க்குள் நீர்த்துளிகள் தெரிந்தன. உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டால் அது ஆபத்து. பிளக்கைப் பிடுங்கினேன், ஹீட்டரை வெளியே எடுத்தேன், கடைக்குப் போய்ப் புதியது வாங்கி வந்தேன். எல்லாம் சரியாகச் செய்தேன். மறுபடியும் சொல்கிறேன், எல்லாம் சரியாகச் செய்தேன்.

நாலு மணிக்குப் புதிய ஹீட்டரைத் தண்ணீரில் பொருத்தினேன். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்குப் பல் டாக்டரிடம் நாலரைக்கு நேரம் குறித்திருந்தது. தம்பி மனைவி ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். வந்து பிளக்கை மாட்டி ஸ்விட்சைத் தட்டினால் வேலை முடிந்தது. படி இறங்கிக்கொண்டே அவளுக்குச் செய்தி அனுப்பினேன்:

‘ஹீட்டர் போட்டாச்சு.’

அவ்வளவுதான். இரண்டே சொற்கள்.

மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் பதினெட்டு டிகிரி. மற்ற மீன்கள் ஒரு மூலையில் கும்பலாக நின்றன. டீச்சர் மட்டும் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. ஹீட்டரின் பிளக் தரையில். அதை மாட்டிவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன். அடுத்த நாள் மதியம் தம்பி வந்து சேர்ந்தபோது டீச்சர் போய்விட்டது.

அவன் கத்தவில்லை, கத்தியிருக்கலாம். தொட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு மனைவியிடம், “நீ ஸ்விட்ச் போடவே இல்லையா?” என்று கேட்டான்.

“இல்ல” என்றாள் அவள்.

அவன் என் பக்கம் திரும்பினான். “நீ போட்டுட்டுத்தானேக்கா போன?”

“போட்டேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

7

‘போடு’ என்ற சொல்லைப் பற்றி.

உபயோகக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு தாளில் ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்வது இது. அதனால் என் தாள்களில் ‘போடவும்’ என்ற சொல்லே இருக்காது. ‘பொருத்தவும்’, ‘இயக்கவும்’, ‘செருகவும்’, ‘அப்புறப்படுத்தவும்’ என்று பிரித்துப் பிரித்து எழுதுவேன். ஏன் என்றால் நம் ஆட்கள் எல்லாவற்றையும் போடுவார்கள். விளக்கைப் போடுவார்கள், குப்பையைப் போடுவார்கள், சட்டை போடுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், மாத்திரை போடுவார்கள், சத்தம் போடுவார்கள். கைதவறினாலும் ‘போட்டுட்டேன்’, கவனமாக வைத்தாலும் ‘போட்டுட்டேன்’. பழியைக்கூடப் போடத்தான் செய்கிறோம்.

‘ஹீட்டர் போட்டாச்சு’ என்று நான் சொன்னது, தண்ணீரில் பொருத்தியாகிவிட்டது என்ற அர்த்தத்தில். அவள் படித்தது, ஸ்விட்சைத் தட்டியாகிவிட்டது என்ற அர்த்தத்தில். இரண்டுமே நல்ல தமிழ். நடுவில் ஒரு மீன் செத்துப்போனது.

இது வரைக்கும் வெறும் குழப்பம். யாருக்கும் நடக்கலாம். ஆனால் தம்பி கேட்டபோது நான் சொன்ன ‘போட்டேன்’ குழப்பம் இல்லை. அவன் எந்தப் ‘போட்டேனை’க் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் எதை எடுத்துக்கொள்வான் என்றும் தெரியும்: நான் ஓடவிட்டுத்தான் போனேன், பிளக் கழன்றது அதற்கப்புறம் வீட்டில் இருந்த அவள் கைபட்டு. சொல் உண்மை, நான் பொய். இருபத்திரண்டு வருட அனுபவத்தை அந்த ஒரு நொடியில் முழுசாகப் பயன்படுத்தினேன்.

[இந்தப் பத்தியை மூன்று தடவை அடித்துவிட்டு மூன்று தடவையும் திரும்ப எழுதினேன்.]

8

அதற்கப்புறம் தம்பி இரண்டு ஹீட்டர் பொருத்தினான், வெப்பத்தைக் கண்காணித்துத் துண்டிக்கிற தனிக் கருவி ஒன்றும் வைத்தான். எல்லாப் பிளக்குகளையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குப் பூட்டுப் போட்டான். சாவி இரண்டு. ஒன்று அவனிடம், இன்னொன்று என்னிடம்.

அவள் வீடு, அவள் கூடம். அதில் அவளிடம் சாவி இல்லாத ஒரு பெட்டி இரண்டு வருடமாக இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பி தொட்டியைக் காட்டுவான். பெட்டியையும் காட்டுவான். “எங்க வீட்டம்மா கைபட்டா ஹீட்டருக்கே ஜலதோஷம் பிடிச்சிடும்” என்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் தண்ணீர் கொண்டுவரப் போய்விடுவாள். நானும் சிரித்திருக்கிறேன்.

(இன்னொரு குறிப்பு: தம்பி கெட்டவன் இல்லை. நல்லவன்தான், நகைச்சுவைதான் சுமார்.)

இப்போது ஒரு புது ஜோடி குஞ்சு பொரித்திருக்கிறது. எண்பது தொண்ணூறு இருக்கும், கடுகு மாதிரி. அம்மா அப்பா உடம்பில் ஒட்டிக்கொண்டு தின்கின்றன. தம்பி திங்கள்கிழமை வெளியூர் கிளம்புகிறான். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, “ரெண்டு வாரமும் நீ இங்கயே வந்து தங்கிடுக்கா. உன்னைவிட்டா எனக்கு நம்பிக்கையான ஆள் யாரு இருக்கா?” என்றான். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். துணி காயப்போட வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு மறுநாள்தான் கடைக்காரர் பிரசுரம் கேட்டார். ‘நம்பகமான’ என்ற தலைப்பின் கீழே ‘போட்டதும்’ என்று எழுதியதும் என் கை ஏன் நின்றது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

திங்கள்கிழமைக்குள் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் இன்னும் எத்தனை வருடம் தன் வீட்டில் தண்ணீர் கொண்டுவரப் போய்க்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

9

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

முடிவு அ: அக்கா எல்லாவற்றையும் சொல்கிறாள். தம்பி, “விடுக்கா, பழைய கதை” என்கிறான். மூவரும் குஞ்சுகளைப் பார்க்கிறார்கள். [எனக்குச் சாதகமாக இருக்கிறது. அவளுக்கு இதில் ஒரு வசனம்கூட இல்லை.]

முடிவு ஆ: அக்கா சொல்வதற்குள் இரண்டு ஹீட்டரில் ஒன்று நின்றுவிடுகிறது. அவள்தான் முதலில் கவனிக்கிறாள், குஞ்சுகளைக் காப்பாற்றுகிறாள். தம்பி உணர்கிறான். [கேவலமான தப்பித்தல். அவள் எதையாவது காப்பாற்றினால்தான் மரியாதை கிடைக்குமா? செய்யாத தப்புக்கு அவள் ஏன் பரிகாரம் செய்ய வேண்டும்?]

முடிவு இ: அக்கா சொல்லவே இல்லை. கதையை மட்டும் எழுதி

[இதை முடிக்கவில்லை.]

மூன்றையும் படித்துப் பார்த்தேன். ஓர் எழுத்தாளராக எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. இந்தக் கதையில் அவள் மட்டும்தான் சரியாக உருவாகவில்லை என்று தோன்றியது. அன்றைக்கு ஏன் சும்மா இருந்தாள்? என் செய்தி அவள் போனிலேயே இருக்கிறது. எடுத்துக் காட்டியிருக்கலாமே? கோழையா, பெருந்தன்மையா? இரண்டு விதமாகவும் எழுதினேன். இரண்டும் அட்டையில் வெட்டிய பொம்மை மாதிரி நின்றன.

சரி, ஆளையே கேட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். பாத்திரத்திடம் நேரில் போய்க் கேட்கிற வசதி எல்லா எழுத்தாளர்களுக்கும் கிடைப்பதில்லை.

10

சனிக்கிழமை மத்தியானம் போனேன். தம்பி பயணத்துக்குச் சாமான் வாங்கக் கிளம்பியிருந்தான். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இதுவரை நீங்கள் படித்த ஒன்பது பகுதிகளையும் படித்தாள். கையில் பேனாவோடு படித்தாள், வேலைப் பழக்கம். நான் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஆறாம் பகுதியில் பேனா நின்றது. “பதினெட்டு இல்ல அண்ணி, பத்தொன்பது. நான் எழுதி வச்சிருக்கேன்.”

“மாத்திடறேன்.”

[மாற்றவில்லை. அவள் திருத்தியதும் நீங்கள் பார்க்க வேண்டும் என்று விட்டுவைத்தேன்.]

ஏழாம் பகுதியில் வெகுநேரம் இருந்தாள். பிறகு தாளைக் கீழே வைத்தாள்.

“இங்க ஒண்ணு தப்பா இருக்கு.”

“எங்க?”

“நீங்க ஸ்விட்ச் போட்டுட்டீங்கன்னு நான் நினைச்சதா எழுதியிருக்கீங்க. நான் அப்படி நினைக்கவே இல்ல.”

எனக்குப் புரியவில்லை.

“நான் வந்த உடனே பார்த்தேன் அண்ணி. பிளக் தரையில கிடந்துச்சு.”

“பார்த்தியா? அப்புறம் ஏம்மா மாட்டல?”

“வேணும்னுதான் எடுத்து வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஃபில்டர் பிளக் வெளியில இருக்கேன்னு நான் மாட்டிவிட்டேனே, ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் வந்தது. கழுவுவதற்காக நான் ஃபில்டரைத் திறந்து வைத்திருந்தேன். அவள் மாட்டியதும் கூடம் முழுக்கத் தண்ணீர். அன்றைக்கு நான் போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டிருக்கும். ‘நான் எடுத்து வச்சதை ஏம்மா தொடுற? காரணம் இல்லாமலா எடுத்து வைப்பேன்?’

“சரி, எனக்கு ஒரு வார்த்தை கேட்டு அனுப்பியிருக்கலாமே?”

“டைப் பண்ணினேன். ‘அண்ணி, பிளக் வெளியில இருக்கே, வேணும்னுதானா’ன்னு. அப்புறம் அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும்.”

“என்ன சொல்லியிருப்பேன்?”

“‘போட்டாச்சுன்னா போட்டாச்சு.’”

அப்படியே என் குரலில் சொன்னாள். அந்த இழுப்பு, கடைசியில் வருகிற அந்தச் சின்ன அலுப்பு, எல்லாம். எனக்கு முகம் சுட்டது. அவளால் இப்படிக் குரல் எடுத்துப் பேச முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“படுக்கப் போகும்போது தெர்மாமீட்டர் பார்த்தேன். இருபத்தி நாலு. அப்பவாவது நான் மாட்டியிருக்கணும். அது என் தப்பு, அதை நான் இல்லைன்னு சொல்லல. மாட்டவும் கை வரல, உங்களுக்குப் போன் பண்ணவும் கை வரல. அதனாலதான் அவர் கேட்டப்ப இல்லைன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.”

“நான் போட்டேன்னு சொன்னேனே. அப்பவாவது அந்த மெசேஜை எடுத்துக் காட்டியிருக்கலாமே?”

“காட்டினா? அக்காவா பொண்டாட்டியான்னு அவரை நிக்க வைக்கணும். மீன் செத்த அன்னைக்கு அதுவும் வேணுமா?”

பேனாவை மூடினாள். நான் ஏழாம் பகுதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்! ‘போடு’ என்ற சொல்லுக்கு எத்தனை உதாரணம்! தமிழ் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு நகர்ந்திருக்கிறேன். சொல்லில் குழப்பமே இல்லை. என்னிடம் ஒரு சந்தேகம் கேட்க ஒருத்திக்குப் பயமாக இருந்திருக்கிறது. அவளைப் பற்றி ஒன்பது பகுதி எழுதினேன், அது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

“மன்னிச்சிடும்மா” என்றேன். உபயோகக் குறிப்புகளில் அந்தச் சொல்லை நான் எழுதியதே இல்லை. வாயில் சரியாக வரவில்லை.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, தெரியவில்லை.

எனக்கோ அதற்குள் பழைய வேகம் வந்துவிட்டது. “அவன் வந்ததும் நானே சொல்லிடறேன். முதல்ல உட்கார வச்சு, மெசேஜ்ல இருந்து ஆரம்பிச்சு, ஃபில்டர் விஷயத்தையும் சொல்லி, அப்புறமா நீ—”

“அண்ணி.”

நிறுத்தினேன்.

“இதையும் நீங்களே பண்ணாதீங்க.”

“நான்தானேம்மா சொல்லணும்? தப்பு என்னோடது.”

“நீங்க சொல்ல வேண்டியதை எழுதிட்டீங்க. இதை அவர்கிட்ட நான் குடுக்கறேன். அதுக்கப்புறம் பேச வேண்டியது எனக்கும் அவருக்கும் நடுவுல இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு.” தாள்களைத் தட்டி அடுக்கினாள், ஓரம் பிசகாமல். “அவர் வர்ற நேரம்தான். நீங்க கொஞ்சம் வெளியில இருங்க.”

11

ஆக, இந்தக் கதையின் ஆசிரியர் இப்போது நாலாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அவள் அதை எடுத்தாளா என்று பார்க்கவில்லை. மடியில் ஒரு நோட்டு, அதில்தான் பத்தாம் பகுதியை எழுதி முடித்தேன்.

தம்பி வந்தான். இரண்டு கையிலும் பை.

“என்னக்கா, வெளியில உட்கார்ந்திருக்க?”

“உள்ள போ. அவ உன்கிட்ட பேசணுமாம்.”

“என்ன விஷயம்?”

விளக்கிச் சொல்ல என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

“அவளைக் கேளு” என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. முதலில் பைகளை வைக்கிற சத்தம். அப்புறம் நாற்காலி இழுபடுகிற சத்தம். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, படிக்கிறான் போலிருக்கிறது. பிறகு ஒரு குரல் தொடங்கியது. அவளுடைய குரல். சொற்கள் கேட்கவில்லை. ஆனால் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. அவள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. தம்பி குறுக்கே பேசவில்லை.

எழுந்து போய்க் கதவில் காதை வைத்தால் கேட்கும். இரண்டே எட்டு. நான் எழுந்திருக்கவில்லை.

முடிவு வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான், இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தம்பி என்ன சொன்னான் என்று எழுதுங்கள், திங்கள்கிழமை தொட்டியை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதுங்கள், என்னை உள்ளே கூப்பிட்டார்களா இல்லையா என்றும் எழுதுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. அவள் பேசுகிற இடம் வரும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.